பழியெல்லாம் காற்றுக்கு

அக்கா யாரையும் குற்றம் சொன்னதில்லை. இதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்வதா, கோளாறு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை புரிபடவில்லை. அவரோடு பல வருஷம் ஒரே காரில் ஜொகூர் முழுக்கக் கல்யாண வீடு கல்யாண வீடாகச் சுற்றியிருக்கிறேன். அவர் மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுவார், நான் சேலை கட்டிவிடுவேன். இத்தனை காலத்தில் "இது அவன் பண்ணுன தப்பு" என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. தப்பு நடந்ததை ஒத்துக்கொள்வார். ஆனால் எந்த மனிதர் தலையிலும் அதை வைக்க மாட்டார். பக்கத்தில் ஏதாவது ஒரு பொருளைத் தேடிப் பிடித்து அதன் தலையில் வைத்துவிடுவார்.

ஒருமுறை பெர்மாஸ் ஜெயாவில் பேரங்காடி கார் நிறுத்துமிடத்தில் ஒரு பையன் பின்னால் பார்க்காமல் காரை எடுத்து அக்காவின் காரில் இடித்துவிட்டான். பக்கக் கண்ணாடி தொங்கியது. நான் கதவைத் திறந்துகொண்டு சண்டைக்கு இறங்கினேன். அவனே பயந்துபோய், "சாரி ஆண்ட்டி, நான் போனு பாத்துக்கிட்டே எடுத்துட்டேன்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அக்கா நிதானமாக இறங்கி வந்து, தரையைப் பார்த்தார்.

"இந்த பார்க்கிங் கோடு ரொம்ப ஒடுக்கமா இருக்கு, தம்பி" என்றார்.

"இல்ல ஆண்ட்டி, நான்தான்..."

"கோடு ஒடுக்கம். நீ சாப்பிட்டியா? மொகமெல்லாம் வேர்த்துருக்கு."

திட்டு வாங்கத் தயாராக நின்றவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். எனக்கும்தான் ஒன்றும் புரியவில்லை. நான் இந்த விஷயத்தில் அக்காவுக்கு நேர் எதிர். கால் தடுக்கினால்கூட அந்தக் கல்லை அங்கே போட்டவன் யார் என்று தேடுகிற ஆள் நான். யார் மேலாவது கோபப்பட்டு முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட என்னை அக்காவோடு கோர்த்துவிட்டது எது என்று கேட்டால், அக்கா அதற்கும் கடை வாடகையைத்தான் காரணம் சொல்வார். நாசி லெமாக் கடைக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை. பாதி அவருக்கு, பாதி எனக்கு.

அவர் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்தார். முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு தீபாவளிக்கு மட்டும். அப்புறம் தீபாவளியும் இல்லை. அந்தக் கரையில் அவருக்கு வேறொரு குடும்பம் இருப்பது எங்கள் தாமான் குடியிருப்பில் கோழி விற்கிறவர் வரைக்கும் தெரியும். வாடிக்கையாளர் யாராவது விஷயம் தெரியாமல், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டுவிட்டால் அக்கா முகம் மாறாமல் சொல்வார்:

"பாலத்துல ஜாம் லா."

சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாம் என்பது ஜொகூரில் யார் சொன்னாலும் செல்லும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே தாமதமாக வந்தாலும் பாலத்தில் ஜாம் என்றால் ஐயர் தலையாட்டிவிடுவார். ஆனால் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மூணு வருசமாவா ஜாம்?"

அக்கா அப்போது லிப்ஸ்டிக் சாயம் இரண்டைக் கலந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "மூணு வருசமா சரியான ஜாம்தானே. நீயே சொல்லுவியே" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் இருந்த ஊசிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். இவருக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்துகொண்டே இப்படிப் பேசுகிறாரா? அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. கிளினிக்கில் அளவு ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றும் கீழே கடையில் உட்கார்ந்து சீனி போட்ட தே தாரே டீதான் குடித்தார். நான் கண்ணை உருட்டியதும், "இப்பல்லாம் வர்ற சீனி ரொம்ப இனிக்குதுமா. முந்தி இப்படி இல்ல" என்றார். அதாவது சீனி ஏறியதற்குச் சீனிதான் காரணம். அவர் குடித்தது காரணம் இல்லை.

இப்போது தொழிலை விட்டுவிட்டுச் சிகாமட்டில் தம்பி வீட்டோடு இருக்கிறார். போன மழைக்கு அங்கே ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து மெத்தை வரைக்கும் நனைந்துவிட்டது. தம்பி போனில் என்னிடம் எல்லோரையும் வரிசையாகத் திட்டினார். அக்கா போனை வாங்கி, "ஆத்துக்கு எடம் பத்தலமா, அது என்னா பண்ணும்" என்றார். அடுத்த வார்த்தை, "நீ சாப்பிட்டியா?"

இந்த அக்காவுக்குத்தான், தொழிலில் இருந்த காலத்தில், ஏர்பிரஷ்ஷில் காற்றுக் கோளாறு வந்தது.

அந்தக் கருவியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரொட்டி டின் அளவில் ஒரு சின்ன கம்ப்ரஸர். அதிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய். நாங்கள் அதை ஓஸ் என்போம். ஓஸின் மறுமுனையில் பேனா மாதிரி ஒரு குழல், அதன் மேல் சொட்டு மருந்து ஊற்றுவது போல மேக்கப்பை ஊற்ற ஒரு குட்டிக் கிண்ணம். பேனாவின் முதுகில் ஒரு பட்டன் இருக்கும். ஆள்காட்டி விரலால் அதைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் காற்றோடு மேக்கப்பும் பனி மாதிரி வந்து முகத்தில் படியும். கை தொடாமல், பஞ்சு தொடாமல் ஒரு முகம் தயாராகும். எங்கள் வட்டாரத்தில் அதை அக்கா அளவுக்குப் போடுகிறவர் யாரும் இல்லை. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிற டேவான் மண்டபத்தில் நடுராத்திரி வரைக்கும் கலையாது.

காற்றின் அளவைக் காட்ட கம்ப்ரஸரில் ஒரு மீட்டர் உண்டு. பேனா சும்மா இருக்கும்போது முள் ஓரிடத்தில் நிற்கும். பட்டனை அழுத்திக் காற்று ஓடத் தொடங்கியதும் முள் கொஞ்சம் கீழே இறங்கும். சும்மா இருக்கும்போது காட்டுவதை நம்பக் கூடாது, அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும் என்று அக்காவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்தில்தான் அது நடந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த காற்று திடீரென்று இளைத்தது. பனி மாதிரி வர வேண்டியது துப்புகிற மாதிரி வந்தது. கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அக்கா பேனாவை உதறினார், மறுபடி அழுத்தினார், சரியாக வந்தது. "ஓஸுக்குள்ள தண்ணி சேந்துருக்கு. நம்ம ஊரு காத்து ஈரம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஜொகூர்க் காற்றில் உப்பு டப்பாவே கசிகிறதே.

வீட்டுக்கு வந்து ஓஸைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினோம். அடுத்த கல்யாணத்தில் மறுபடி அதே. பேனாவைப் பாகம் பாகமாகக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து முனையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அடைப்பு இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்தோம். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஒரு குமிழ்கூட வரவில்லை. "கசியுது. நமக்குத் தெரியாத எடத்துல கசியுது" என்றார் அக்கா. வாஷர்களை மாற்றினார். ஓஸை மாற்றினார். கடைசியில் மீட்டரையே மாற்றினார்.

என் குழப்பம் அந்த மீட்டரில்தான் தொடங்கியது. கசிந்தால் முள் இறங்க வேண்டும். அக்கா, "எறங்கிருச்சி, எறங்கிருச்சி" என்று பதறுகிற நேரத்தில் நான் எட்டிப் பார்த்தால் முள் ஆடாமல் அசையாமல் அதே இடத்தில் நிற்கும். காற்று ஓடினால் இறங்குமே, அந்த இறக்கம்கூட இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

"மீட்டர் பொய் சொல்லுது" என்றார்.

"புது மீட்டராச்சேக்கா."

"புதுசுக்குப் பழக்கம் இல்ல."

நகரத்தில் இந்தச் சாமான்களை விற்கிற சீனர் கடைக்கு மெசினைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் பேனாவைத் தன் புறங்கையில் வைத்து அழுத்தினார். சர்ரென்று வந்தது. பத்து தடவை அழுத்தினார், பத்து தடவையும் வந்தது. "தாக் அடா மசாலா, கா" என்று எங்களிடம் தள்ளினார். மலாயில் மசாலா என்றால் பிரச்சனை. "ஒரு மசாலாவும் இல்லையாம்க்கா, ரசம் வேணா வச்சிக்கலாம்" என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கடையின் மேற்கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க ஏர்கோன் இருக்கு. அதான் ஒழுங்கா வேல செய்யுது."

எனக்கு அன்று அந்தக் கடைக்காரர் மேல் கோபம். மெசினைச் செய்தவன் மேல் கோபம். எங்கேயோ எதையோ ஒழுங்காகப் பொருத்தாமல் விட்ட எவனோ ஒருவன் மேல் கோபம். அக்காவுக்கு யார் மேலும் இல்லை. திரும்பி வரும் வழியில் பெட்ரோல் போட எண்ணெய்க் கடையில் நிறுத்தினோம். உள்ளே போய்விட்டு வந்த அக்கா ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்து காரில் ஏறினார். நான் சொல்கிற வரைக்கும் அவருக்கு அது தெரியவில்லை. பாதி வழியில் செருப்பு கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். "லூசு செருப்பு" என்று மாட்டிக்கொண்டார். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

அதற்குள் பேச்சு பரவிவிட்டது. ஒரு பெண் தன் கன்னத்துப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் படமெடுத்துப் பெண்கள் குழுமத்தில் போட்டுவிட்டாள். "ஹால்ல லைட்டு பச்ச கலரு, அதான் அப்படித் தெரியுது" என்றார் அக்கா. இன்னொருத்தி முன்பதிவையே ரத்து செய்தாள். அந்த மாதம் மிச்சமிருந்தது காஹாங்கில் ஒரே ஒரு கல்யாண விருந்து. அதுவும் கெட்டால் அக்காவை யாரும் கூப்பிட மாட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, சேமிப்பு இல்லை, பாலத்தில் ஜாம். பேனா பிடிப்பதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. புறப்படும்போது காரில் இரண்டு ஓஸ், ஒரு பை நிறைய வாஷர், சோப்புத் தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்தார். நான் சாமிக்கு நேர்ந்துகொண்டு வண்டியை எடுத்தேன்.

காஹாங்கில் அந்த வீடு செம்பனைத் தோட்டத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தது. சாயந்திரம் விருந்து, நாங்கள் மத்தியானமே போய்விட்டோம். பெண்ணை அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மேக்கப் பறக்கும் என்பதால் காற்றாடியை நிறுத்திவிட்டு அக்கா ஆரம்பித்தார். நெற்றி வந்தது. வலது கன்னம் அழகாக வந்தது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. இடது கன்னத்துக்குப் போனதும் காற்று இளைத்துத் துப்பத் தொடங்கியது. அக்கா உதறினார், அழுத்தினார், துடைத்தார். ஓஸை மாற்றினார். மறுபடி துப்பியது. நான் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். முள் நிமிர்ந்து நின்றது.

"பிரஷர் எறங்கிருச்சி!" அக்கா என்னைப் பார்த்துக் கத்திவிட்டார். எப்போதும் கத்தாதவர். "நிக்கவே மாட்டேங்குது! எறங்கிக்கிட்டே இருக்கு!"

அவ்வளவுதான். வீடு முழுக்க ஒரே ஓட்டம். பெண்ணின் அம்மா, "அய்யோ, என் புள்ளைக்கா!" என்று அலறிக்கொண்டு அறைக்குள் விழுந்தார். பாதி முகத்துக்கு மேக்கப் போட்ட பெண்ணைப் பார்த்து, "அலமாக், ஒரு பக்கம் வெளுத்துப் போச்சே!" என்று நாடியைப் பிடித்தார். யாரோ உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ தைலத்தைக் கொண்டுவந்தார்கள். பெண், "எனக்கு ஒன்னும் இல்லம்மா, விடும்மா" என்று தலைமுடியைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடினாள்.

"அப்ப மேக்கப் அக்காவுக்கா?"

"மெசினுக்குங்க, மெசினுக்கு" என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பெண்ணின் பெரியம்மா தோட்டத்துக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டியோடு வந்து அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்து, இடது கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். அக்காவுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. "எனக்கில்லம்மா..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. பேசுனா ஏறும்."

அக்கா வாயை மூடிக்கொண்டார். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. "டாரா திங்கி இல்ல, கம்மியும் இல்ல. இனிப்பு நீர் இருக்கா? அதையும் பாத்துருவோம்" என்று பெரியம்மா அக்காவின் வலது கையை எடுத்தார். ஆள்காட்டி விரலைத் துடைத்து, ஊசி வைத்த குட்டிக் கருவியை அதன் நுனியில் அழுத்தி டக்கென்று குத்தினார்.

அக்கா அந்த நேரம் என்னிடம், "அந்த ரெண்டாவது வாஷர நல்லா பாருமா, முறுக்குன எடத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே இருந்தார். முகம் சுளிக்கவில்லை. கண் சிமிட்டவில்லை. விரல் நுனியில் ரத்தம் சொட்டாகத் திரண்டது. பெரியம்மா ரத்தத்தைத் தாளில் எடுக்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்து விரலைக் குத்தினார்.

அக்கா வாஷரைப் பற்றித்தான் பேசினார்.

"வலிக்கலையா உங்களுக்கு?"

அக்கா அப்போதுதான் குனிந்து பார்த்தார். இரண்டு விரலிலும் ரத்தம். மடியில்கூட ஒரு துளி விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"ஊசி மொண்ண போலம்மா" என்றார்.

மெசினுக்குத்தான் பிரஷர் என்று ஒரு வழியாக எல்லோருக்கும் விளங்கியபோது வீடே சிரித்தது. பெண்ணின் மாமா ஒருவர், "இதுக்கா இவ்ளோ? நம்ம கிட்ட டயருக்குக் காத்து அடிக்கிற மெசின் இருக்கு, லோரி டயரே பத்து நிமிசத்துல ரொம்பும்" என்று கிளம்பிவிட்டார். அக்கா அவருக்கும் நன்றி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று ஓடினால் இறங்க வேண்டிய முள், ஏன் இத்தனை மாதமாக இறங்கவே இல்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கசியவும் இல்லை, அடைக்கவும் இல்லை. அக்கா பட்டனை அழுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தார். விரல் அழுத்தவில்லை. சில நேரம் பாதி அழுத்தியது, சில நேரம் அதுவும் இல்லை. அவருக்கு அது தெரிய வழியில்லை.

பெரியம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இனிப்பு நீர் நரம்ப தின்னுருச்சி. வெரலு மரத்துப் போயிருக்கு. காலும் அப்படித்தான் இருக்கும். அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா" என்றேன். அது உண்மை. எனக்கு அது தெரியவே இல்லை. தெரிந்துகொண்டே ஓஸ் ஓஸாக மாற்றினாரா? தெரியாமல்தான் மாற்றினாரா? ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். மெசினில் ஒன்றும் இல்லை அக்கா, உங்களிடம்தான் என்று சொல்லிவிடலாம். இத்தனை மாதமாகப் பழி போட ஆள் தேடிக்கொண்டிருந்த எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தக் கன்னங்களையெல்லாம் எவ்வளவு ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிற கை அது.

பெண்ணின் அம்மா வாசலில் நின்று, "என்னாமா, முடியுமா முடியாதா? குளுவாங்ல வேற ஆளுக்கு போன் பண்ணட்டா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கலக்கம்தான். விருந்தாளிகள் வரத் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. அறைக்குள் பாதி முகத்தோடு பெண். அவள் பக்கத்தில் விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, பேனாவைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிற அக்கா. பெரியம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன்.

"அக்கா, இந்தப் புது ஓஸு ரொம்ப கனம். கைய இழுக்குது. அதான் காத்து விட்டு விட்டு வருது. நானும் கூட சேந்து புடிச்சிக்கிறேன்."

என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஓஸா?"

"ஓஸுதான். கையில தூக்கிப் பாத்தேன்."

ஓஸை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். "சரி, புடி" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்று, என் கையை அவர் கையின் மேல் வைத்து, அவர் ஆள்காட்டி விரலின் மேல் என் விரலை வைத்தேன். குளிர்ந்து போயிருந்தது. அழுத்தினேன். சர்ரென்று காற்று வந்தது. எதிரில் மீட்டரில் முள் கொஞ்சம் இறங்கி, இறங்கிய இடத்தில் நின்றது.

"பாத்தியா" என்றார் அக்கா. "பிரஷர் வந்துருச்சி."

"வந்துருச்சிக்கா."

எங்கே போக வேண்டும், எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும், எப்போது பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கை பார்த்துக்கொண்டது. நான் அழுத்தினேன், அவ்வளவுதான். ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட நின்று அந்தப் பெண்ணின் இடது கன்னத்தைச் செய்து முடித்தோம். வலது கன்னத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது. டயர் மெசினைத் தூக்கிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து வந்த மாமா, அதை அப்படியே வாசலில் வைத்துவிட்டு, "எங்க புள்ளையா இது!" என்றார். அம்மா அழுதார். நான் சேலை கட்டிவிட்டேன். புறப்படும்போது பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். அக்கா, "போறேன்மா" என்றார்.

திரும்பும்போது இரண்டு பக்கமும் செம்பனை, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் ஓட்டினேன். வழக்கமாக அக்கா கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலிருந்து பெண்ணின் மூக்குத்தி வரைக்கும் பேசிக்கொண்டே வருவார். அன்று ஓஸைச் சுருட்டி மடியில் வைத்து, துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இந்த ஓஸு நல்ல ஓஸுதான்மா" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழைய ஓஸும் நல்லாத்தான் இருந்துச்சி. வாஷரும். மீட்டரும் சரியாத்தான் காட்டியிருக்கு. அந்தக் கடக்காரரு சொன்னது சரிதான், மசாலாவே இல்ல." ஓஸைத் தடவிக்கொடுத்தார். "பாவம், எல்லாத்தையும் சும்மா திட்டிட்டேன். அதுங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு..."

அங்கே நின்றார். பஞ்சு சுற்றிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவையாவது இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு மனிதரின் பெயர் வராதா என்று எத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன். காரை இடித்த பையன் பெயராவது, சிங்கப்பூரில் இருக்கிறவர் பெயராவது. இப்போது அது வரப்போகிறது. யார் பெயர் என்று எனக்குத் தெரியும். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லக்கா" என்றேன். ஏறக்குறைய சண்டை போடுகிற குரலில் சொன்னேன். "அந்த ஓஸுதான். மட்டமான ரப்பரு. நான் பாத்தேன்ல."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஓஸா?"

"ஓஸுதான்க்கா. வேற யாரும் இல்ல."